கேள்வி–பதில்: பின்னணி இசையே இல்லாத திருட்டு

கேள்வி: ‘மிஷன்: இம்பாசிபிள்’ முதலில் தொலைக்காட்சித் தொடராக வந்தது என்கிறார்களே, படமாக்கியபோது அதை மதித்து எடுத்தார்களா? நாயகன் அந்தரத்தில் தொங்கும் காட்சியை எப்படி எடுத்தார்கள்?
– கல்லூரி மாணவி, பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்

பதில்: புரூஸ் கெல்லர் உருவாக்கிய அந்தத் தொடர் 1966 முதல் 1973 வரை அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அதில் தனி நாயகன் என்று எவரும் கிடையாது. ஆளுக்கொரு திறமையுடன் கூடிய ஓர் உளவாளிக் குழுவே நாயகன். 1996-இல் பிரையன் டி பால்மா இயக்க, டாம் குரூஸ் தாமே தயாரிப்பாளராகவும் பொறுப்பேற்ற படமோ, அந்தக் குழுவைத் தொடக்கத்திலேயே பிராக் நகரில் பலிகொடுத்துவிடுகிறது. தொடரில் பீட்டர் கிரேவ்ஸ் நடிப்பால் பல ஆண்டுகள் மக்கள் நம்பியிருந்த தலைவர் ஜிம் ஃபெல்ப்ஸையே துரோகியாக்கியது பழைய ரசிகர்களுக்கு இழைத்த அநீதி என்றே கருதுகிறேன்.

ஆனால், நீங்கள் கேட்ட காட்சியில் தொடரின் உயிர் அப்படியே இருக்கிறது. ரகசியப் பட்டியல் ஒன்றைத் திருட நாயகன் கூரையிலிருந்து கயிற்றில் இறங்குகிறான். சிறு ஓசை எழுந்தாலும், ஒரு சொட்டு வியர்வை தரையில் விழுந்தாலும் எச்சரிக்கை மணி ஒலித்துவிடும் அறை அது. எனவே டி பால்மா பின்னணி இசையை அறவே விலக்கி, நம்மையும் மூச்சடக்கி உட்காரவைத்தார். ரோப் கட்டி இறக்கியபோது குரூஸின் உடல் தலைப்பக்கம் சாய்ந்து, முகம் மீண்டும் மீண்டும் தரையில் மோதியதால், கடைசியில் காலணிகளுக்குள் நாணயங்களைப் போட்டு எடையைச் சமன்செய்த பிறகே தரைக்குச் சற்று மேலே அசையாமல் நிற்க முடிந்தது. ஒவ்வொரு அடிக்கும் முரசு கொட்டும் நம் சண்டைக் காட்சிகளின் இசையமைப்பாளர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இதே படத்தில் உணவகம் ஒன்றின் மீன்தொட்டிகள் வெடித்து நாயகன் தப்பியோடும் காட்சியில் பாய்ந்தது சுமார் 16 டன் தண்ணீர். கோடையில் உங்கள் ஊர்த் தெருவுக்கு வரும் பெரிய டேங்கர் லாரி ஒன்றின் தண்ணீர் முழுவதும் ஒரே நொடியில் கொட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். டூப் போட்டு எடுத்தது இயக்குநருக்கு நிறைவளிக்காததால் குரூஸே ஓடினார்.

கேள்வி: அதே படத்தில் ரயில் கூரைமேல் நடக்கும் சண்டை உண்மையிலேயே ஓடும் ரயிலில் எடுக்கப்பட்டதா?
– வாசகர், ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: இல்லை. இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டுடியோவில் நீலத்திரைக்கு முன் ரயில் பெட்டி அமைத்து எடுத்தார்கள். பின்னால் விரையும் நிலக்காட்சி பின்னர் கணினியில் சேர்க்கப்பட்டது. முகத்தசை நடுங்கும் அளவுக்கு வீசிய காற்று மட்டும் நிஜம். அதற்கென்றே மணிக்கு சுமார் 225 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடிக்கும் இயந்திரத்தைத் தேடிப்பிடித்து வரவழைத்தார்கள்.