ஆன்லைன் டிகிரி எடுக்கலாமா? தர்மபுரி, கிருஷ்ணகிரியில் இருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் போதும், நம் இரண்டு மாவட்டத்திலும் வீட்டுக்கு வீடு "அட்மிஷன் கவுன்சிலர்" போன் வர ஆரம்பித்துவிடுகிறது. தொலைநிலைக் கல்வி சேர்க்கை வேலையைப் பல வருடம் பார்த்தவள் என்பதால் நிறைய பேர் என்னிடம் விசாரிக்கிறார்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் தம்பி: லாபத்துக்கு நடத்தும் ஆன்லைன் பல்கலைக்கழகம் எல்லாமே மோசம்தானா அக்கா? எனக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும், காலேஜ் போக வழியே இல்லை.

எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன் தம்பி. இந்த மாதிரி நிறுவனங்கள் பெரிதாக வளர்ந்தது அமெரிக்காவில். 1976ல் தொடங்கிய பீனிக்ஸ் பல்கலைக்கழகம் குறிவைத்ததே உன்னைப் போன்றவர்களைத்தான். பகலில் வேலை, வீட்டில் குழந்தை, படிப்பைப் பாதியில் விட்டவர்கள் என்று வழக்கமான கல்லூரிகள் கண்டுகொள்ளாத ஆட்களுக்கு அவர்கள் மாலையில் வகுப்பு வைத்தார்கள், பிறகு ஆன்லைனில் வைத்தார்கள். அந்தத் தேவை பொய்யில்லை. எப்போது வேண்டுமானாலும் பாடம் பார்க்கலாம், ஊரை விட்டுப் போக வேண்டாம், சம்பளம் நிற்காது. இது மூன்றும் ஷிப்டில் இருக்கிறவனுக்குச் சின்ன விஷயம் இல்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பங்குதாரருக்கு லாபம் காட்ட வேண்டிய நிறுவனத்துக்கு உன்னைச் சேர்ப்பதில் இருக்கும் அக்கறை உன்னைப் படிக்க வைப்பதில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அமெரிக்க செனட் குழு ஒன்று இப்படிப்பட்ட 30 நிறுவனங்களின் 2009ஆம் வருடக் கணக்கை எடுத்துப் பார்த்து 2012ல் அறிக்கை வெளியிட்டது. வருமானத்தில் 22.7 சதவீதம் விளம்பரத்துக்கும் ஆள் சேர்ப்புக்கும் போயிருந்தது, 19.4 சதவீதம் லாபம், பாடம் நடத்தச் செலவானது 17.2 சதவீதம்தான். நீ கட்டும் நூறு ரூபாயில் உனக்குச் சொல்லித்தரச் செலவாவதை விட உனக்குப் போன் பண்ணச் செலவாவது அதிகம் என்றால் அந்தப் படிப்பு எப்படி இருக்கும்? அதே பீனிக்ஸ், பெரிய கம்பெனிகளோடு வேலைவாய்ப்புத் தொடர்பு இருப்பது போல விளம்பரம் செய்தது என்ற வழக்கில் 2019ல் 191 மில்லியன் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. இதே மாதிரி லாபத்துக்கு நடந்த கொரிந்தியன் காலேஜஸ் 2015லும் ஐடிடி டெக் 2016லும் ஒரேயடியாக மூடிவிட்டுப் போனார்கள், பிள்ளைகள் கடனோடு நின்றார்கள். கொரிந்தியனில் படித்த சுமார் 5,60,000 பேரின் 5.8 பில்லியன் டாலர் கடனை அமெரிக்க அரசு 2022ல் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. நம் ஊரில் அப்படி யாரும் தள்ளுபடி செய்வார்கள் என்று நம்பி இறங்காதே.

பாலக்கோட்டில் இருந்து ஒரு அப்பா: இந்தியாவில் லாபத்துக்குப் பல்கலைக்கழகம் நடத்தவே கூடாது என்கிறார்களே மேடம். அப்புறம் ஈஎம்ஐ போட்டுத் தருகிறேன் என்று கூப்பிடுகிறவர்கள் யார்?

நல்ல கேள்வி சார். சட்டப்படி இங்கே தனியார் பல்கலைக்கழகத்தை அறக்கட்டளை, சங்கம், இல்லையென்றால் லாப நோக்கமற்ற கம்பெனி மூலமாகத்தான் நடத்த முடியும். கல்வியைக் கொள்ளை லாபத்துக்கு நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2002ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் பல்கலைக்கழகத்துக்கும் உங்களுக்கும் நடுவில் நின்று விளம்பரம், சேர்க்கை, வீடியோ தளம் எல்லாம் பார்த்துக்கொள்கிற நிறுவனங்கள் (எட்டெக் என்பார்கள்) முழுக்க வியாபாரம்தான். உங்களைக் கூப்பிடுவது பெரும்பாலும் அவர்களோ அவர்களுக்குக் கீழே கமிஷனுக்கு வேலை பார்க்கும் ஆட்களோதான். மாங்காய் மண்டித் தரகர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், தோட்டமும் அவருடையது இல்லை, பழம் அழுகினால் நஷ்டமும் அவருக்கு இல்லை. அதற்காக அந்தப் படிப்பே போலி என்று ஆகிவிடாது, பின்னால் இருக்கும் பல்கலைக்கழகம் நல்லதாகவே இருக்கலாம். அவர் பேச்சை மட்டும் பல்கலைக்கழகத்தின் வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்" என்றால் அதைப் பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சலில் இருந்து எழுதித் தரச் சொல்லுங்கள். அதோடு பேச்சு நின்றுவிடும்.

அரூர் மாணவி: அப்ரூவல் இருக்கிறதா என்று நானே எப்படிப் பார்ப்பது?

யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அனுமதி பெற்ற பல்கலைக்கழகங்கள், படிப்புகள் பட்டியல் இருக்கிறது. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள் மா. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீ சேரும் அந்தப் படிப்பு, நீ சேரும் அந்த வருடத்துக்கு, அந்த முறையில், அதாவது ஆன்லைனா தொலைநிலையா என்று பிரித்து, பட்டியலில் இருக்க வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எவ்வளவு பழையது, அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கே 2014-15க்குப் பிறகு அங்கீகாரம் இல்லை என்று 2022ல் யுஜிசி அறிவித்தபோது எத்தனை வீட்டில் பதறினார்கள்! பழைய பெயரை நம்பிச் சேர்ந்தவர்கள்தான் எல்லோரும்.

சில பாடங்கள் ஆன்லைனில் கிடையவே கிடையாது. மருத்துவம், நர்சிங், பார்மசி, சட்டம், பொறியியல், விவசாயம் எல்லாம் அதில் வரும். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையில் இருந்து சைக்காலஜி, ஊட்டச்சத்துப் படிப்புகளையும் யுஜிசி நிறுத்தச் சொல்லிவிட்டது. இப்போதும் "ஆன்லைன் சைக்காலஜி, சீட் கொஞ்சம்தான் இருக்கிறது" என்று யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிடு. சேரும் முன் டெப் ஐடி, அதாவது யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவில் உனக்கான அடையாள எண், ஒன்று உருவாக்க வேண்டும், அதை உன் கையால், உன் ஆதார், உன் போன் நம்பரை வைத்துச் செய். ஏஜென்ட் கேட்கிறார் என்று ஓடிபி சொல்லாதே.

ஓசூரில் டிப்ளமோ முடித்தவர்: ஆன்லைன் பி.இ.?

வேண்டாம், செல்லாது. அரசுப் பொறியியல் கல்லூரிகள் சிலவற்றில் டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்களுக்குப் பகுதிநேர பி.இ. இருக்கிறது, அதை விசாரியுங்கள்.

காரிமங்கலம்: ஆன்லைன் பி.எட். என்று ஒரு விளம்பரம் பார்த்தேன்.

பி.எட். ஆன்லைனில் கிடையாது. தொலைநிலையில் இருப்பதும் ஏற்கனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்குத்தான்.

கிருஷ்ணகிரியில் தனியார் கல்லூரி விரிவுரையாளர்: அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் டாக்டரேட், இங்குள்ள எட்டெக் நிறுவனம் வழியாக. பதவி உயர்வுக்கு ஆகுமா?

ஆகாது சார். ஆன்லைனிலோ தொலைநிலையிலோ பி.எச்டி. கூடாது என்று யுஜிசியின் 2022 விதியிலேயே இருக்கிறது. எட்டெக் நிறுவனங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கூட்டு சேர்ந்து தரும் பட்டங்களுக்கு அங்கீகாரம் இல்லை என்று 2023 டிசம்பரில் தனியாகவும் எச்சரித்தார்கள். அந்தப் பல்கலைக்கழகம் அமெரிக்காவில் முறையாக அங்கீகாரம் பெற்றதாகவே இருந்தாலும் இங்கே உங்கள் பதவி உயர்வுக்கு உதவாது. பெரியார் பல்கலைக்கழகத்தில் பகுதிநேர பி.எச்டி. பதிவு செய்வது மெதுவான வழிதான், ஆனால் பாதுகாப்பானது.

காவேரிப்பட்டணம் அம்மா: பையன் ஆன்லைன் எம்பிஏ சேர்ந்தான், பிடிக்கவில்லை என்று நிறுத்திவிட்டான். ஈஎம்ஐ மட்டும் மாதாமாதம் போகிறது.

இதைப் படிக்கும் எல்லோரும் கவனியுங்கள். ஈஎம்ஐ என்று அவர்கள் சொல்வது தவணைக் கட்டணம் இல்லை, பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனத்தின் கடன். நிதி நிறுவனம் மொத்தப் பணத்தையும் அவர்களுக்குக் கொடுத்துவிடும், நீங்கள் படிப்பை நிறுத்தினாலும் கடன் நிற்காது. கட்டாமல் விட்டால் பையனின் சிபில் கெடும், நாளைக்கு வண்டிக் கடன்கூடக் கிடைக்காது. அதனால் கோபத்தில் நிறுத்தாதீர்கள் அம்மா. விலகுவதாகப் பல்கலைக்கழகத்துக்கும் எட்டெக்குக்கும் கடன் கொடுத்தவருக்கும் எழுத்தில் அனுப்புங்கள், பணம் திருப்பும் விதி என்ன என்று கேளுங்கள். நிதி நிறுவனம் 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், படிப்பு பற்றிய புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915. இனிமேல் சேர்கிறவர்களுக்கு ஒன்று: ஆப் மூலம் எடுக்கும் கடனில், அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ள ஆரம்பத்தில் ஒரு சின்ன அவகாசம் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022லேயே சொல்லியிருக்கிறது. அது எத்தனை நாள் என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பர்கூர்: டிஎன்பிஎஸ்சி எழுத ஆன்லைன் டிகிரி செல்லுமா?

அனுமதி பெற்ற படிப்பு என்றால் நேரடி டிகிரிக்குச் சமம்தான். ஆனால் பத்தாவது, பிளஸ் டூ அல்லது அதற்குச் சமமான படிப்பு, பிறகு டிகிரி என்ற வரிசை இருக்க வேண்டும். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலையில் வாங்கிய டிகிரியைத் தமிழக அரசுப் பணிக்கு எடுத்துக்கொள்வதில்லை. தனியார் கம்பெனியில் தனிப்பட்ட முடிவு, உங்கள் எச்ஆரிடமே கேட்டுவிடுங்கள்.

பென்னாகரம், இரண்டு குழந்தைகளின் தாய்: கல்யாணத்தால் பி.காம். விட்டுப்போனது. எனக்கு எது சரி வரும் அக்கா?

முதலில் படிக்க வேண்டும் என்று நினைத்தீர்களே, அதற்கே சந்தோஷம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்), பெரியார் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் பிரிவு, இந்த மூன்றின் கட்டணத்தையும் முதலில் எழுதி வையுங்கள். அப்புறம் தனியார் ஆன்லைன் படிப்பின் கட்டணத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். அந்த வித்தியாசத்துக்கு உங்களுக்கு என்ன கூடுதலாகக் கிடைக்கிறது என்று கேளுங்கள். வாரா வாரம் நேரலை வகுப்பு, சந்தேகத்துக்குப் பதில் சொல்லும் ஆசிரியர், தமிழில் விளக்கம் இதெல்லாம் உண்மையாகவே இருந்தால் கூடுதல் பணம் கொடுப்பதில் தப்பில்லை, சிலருக்கு அந்தக் கண்டிப்பு இருந்தால்தான் படிப்பு ஓடும். பதிவு செய்த வீடியோவும் பிடிஎப்பும்தான் என்றால் அந்தப் பணம் வேண்டாம், மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் வீடியோ பாடங்கள் இலவசமாகவே இருக்கின்றன. பாதியில் விட்ட பி.காம். மார்க் ஷீட்டைத் தேடி எடுத்து வையுங்கள், முடித்த செமஸ்டர்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா என்று ஒவ்வொரு இடத்திலும் கேளுங்கள். தேர்வு எங்கே, எப்படி என்பதையும் கேளுங்கள், வீட்டில் கேமரா முன் எழுதும் தேர்வு என்றால் உங்கள் தெருவில் சிக்னல் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். தர்மபுரியிலேயே மையம் இருந்தால் உங்களுக்கு அதுதான் நல்லது.