கையுறை போட்டால் மட்டும் போதுமா?

கேள்வி: வேதியியல் துறையில் ஆய்வு மாணவி நான். கையுறை, கண்ணாடி, லேப் கோட் எல்லாம் தவறாமல் போடுகிறேன். ரசாயனப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் எங்கள் ஃபியூம் ஹுட் (கண்ணாடிக் கதவு வைத்த கூண்டு) முழுக்கப் பழைய பாட்டில்கள் அடைத்துக் கிடப்பதால் சில நேரம் வெளியே மேஜையிலேயே வேலை செய்கிறேன். இந்தப் பாதுகாப்பு போதாதா?

பதில்: போதாது. கையுறை என்பது மற்ற எல்லாம் கைவிட்ட பிறகு மிஞ்சும் கடைசித் தடுப்பு, அதையே முதல் தடுப்பாக நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. முதலில் கேட்கவேண்டியது, இந்த ரசாயனம் கட்டாயம் வேண்டுமா, இதைவிட ஆபத்துக் குறைந்தது ஒன்றை வைத்துச் செய்யமுடியாதா, பத்து கிராமுக்குப் பதில் அரை கிராமில் முடியாதா என்பதுதான். அப்புறம் ஹுட், அப்புறம் வேலை செய்யும் முறை, கையுறையெல்லாம் அதற்கும் பிறகு.

அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கேரன் வெட்டர்ஹான் என்ற வேதியியல் பேராசிரியர் இருந்தார். நச்சு உலோகங்கள்தான் அவருடைய துறையே. 1996 ஆகஸ்டில் ஹுட்டுக்குள் வேலை செய்யும்போது டைமெத்தில் மெர்குரி என்ற கடும் நச்சுள்ள பாதரசச் சேர்மம் ஒன்றிரண்டு துளி அவருடைய லேடெக்ஸ் கையுறைமேல் விழுந்தது. அந்த ரசாயனம் மெல்லிய லேடெக்ஸைச் சில விநாடிகளில் கடந்துவிடும் என்பது பிறகு சோதித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மாதக்கணக்கில் எந்த அறிகுறியும் இல்லை. 1997 ஜூனில் இறந்துபோனார். அவர் அளவுக்கு விவரம் தெரிந்தவருக்கே இப்படி என்றால், எந்தக் கையுறை எந்த ரசாயனத்தை எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்காமல் பெட்டியில் கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொள்வது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

ஹுட் பாட்டில் வைக்கும் அலமாரி இல்லை. பாட்டில்கள் காற்றோட்டத்தை மறித்தால் புகை உங்கள் முகத்துக்குத்தான் வரும். உங்கள் கைடிடம் போய், இதைக் காலி செய்யும்வரை அந்தச் சோதனையைத் தள்ளிவைக்கிறேன் என்று நேராகச் சொல்லுங்கள். ஹுட் கிடைத்ததும் பாத்திரத்தை விளிம்பிலிருந்து 15 செ.மீ. உள்ளே தள்ளி வையுங்கள், கண்ணாடிக் கதவை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கிக்கொள்ளுங்கள். கண் கழுவும் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று இன்றைக்கே திறந்து பாருங்கள், கண்ணில் ஏதாவது பட்டால் குறைந்தது 15 நிமிடம் கழுவவேண்டியிருக்கும். ராத்திரி தனியாக உட்கார்ந்து ஆபத்தான சோதனை எதுவும் வேண்டாம்.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை பார்க்கிறேன். கறை போகவேண்டும் என்று ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போடச் சொல்கிறார்கள். மூச்சு அடைக்கிறது. லேப் குப்பையில் சில நாள் ஊசியும் கிடக்கிறது.

பதில்: அம்மா, சேர்த்துப் போடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அந்த இரண்டும் கலந்தால் வருவது குளோரின் வாயு. கதவு சாத்திய கழிப்பறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் போட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், கதவும் ஜன்னலும் திறந்தே இருக்கட்டும். தெரியாமல் கலந்துவிட்டால் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்துக்கூட வரலாம், வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

குப்பைப் பையைக் கையால் அமுக்காதீர்கள், உடம்போடு ஒட்டித் தூக்காதீர்கள். ஊசி குத்திவிட்டால் பிதுக்கவோ உறிஞ்சவோ வேண்டாம், சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் உங்களுக்குச் சொன்னாலும், குற்றம் உங்களுடையது இல்லை. ஊசியைக் கெட்டியான தனி டப்பாவில் போடவேண்டியது லேபில் இருப்பவர்களின் கடமை. ஆராய்ச்சியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற நிர்வாகம், அவர்கள் விட்டுப்போனதை அள்ளுகிறவர்களை ஒப்பந்தக்காரரின் ஆள் என்று சொல்லித் தள்ளிவைப்பது எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம்.

கேள்வி: அலுவலகத்தில் நாள் முழுக்க லேப்டாப். கழுத்தும் மணிக்கட்டும் வலிக்கிறது.

பதில்: லேப்டாப்பை உயர்த்தி வைத்துத் திரையின் மேல்விளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், விசைப்பலகை தனியாக ஒன்று வாங்கித்தரச் சொல்லுங்கள். அரை மணிக்கொரு தரம் எழுந்து நடங்கள். விரல் மரத்துப்போனால் மட்டும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: துறைத்தலைவர் நான். சின்னச் சம்பவங்களையும் எழுதித்தரச் சொல்லிப் படிவம் வைத்தேன். ஒருவரும் எழுதுவதில்லை.

பதில்: சரி, முதலில் எழுதிக்கொடுத்தவருக்கு என்ன நடந்தது சார்? திட்டு விழுந்திருந்தால் இரண்டாவது ஆள் வரமாட்டார்.

2010 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் வெடிக்கும் தன்மையுள்ள ஒரு சேர்மத்தைக் கையாளும்போது அது வெடித்து மூன்று விரல்களை இழந்தார். 100 மில்லிகிராமுக்கு மேல் செய்யக்கூடாது என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்த இடத்தில் சுமார் 10 கிராம் செய்திருந்தார்கள். விசாரித்தபோது, அதே ஆய்வுக் குழுவில் முன்பே நூலிழையில் தப்பிய சம்பவங்கள் நடந்தும் யாரும் பதிவு செய்யவில்லை என்று தெரியவந்தது. அந்தச் சம்பவங்கள் எழுதப்பட்டிருந்தால் வாய்மொழி விதி காகிதத்துக்கு வந்திருக்கும்.

படிவத்தில் 'யார் செய்தது' என்ற கட்டம் இருந்தால் எடுத்துவிடுங்கள். என்ன நடந்தது, எங்கே, எது இருந்திருந்தால் நடந்திருக்காது, இந்த மூன்றும் போதும். எழுதிய விஷயத்தை ஒரு வாரத்தில் சரிசெய்து, சரிசெய்ததை எல்லோரும் பார்க்கும் பலகையில் போடுங்கள். படிவம் நிரப்பச் சங்கடப்படும் துப்புரவுப் பணியாளர், விலங்குக் கூடப் பணியாளர், எலக்ட்ரீஷியன் இவர்களிடம் நீங்களே போய்க் கேளுங்கள். எந்தத் தரை வழுக்குகிறது, எந்த பிளக்கில் ஷாக் அடிக்கிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.