பானகமா, பாக்கெட் ஜூஸா?

கேள்வி: எங்கள் ஊர் மாரியம்மன் பொங்கலுக்கு வருஷா வருஷம் பானகம் ஊற்றுகிறோம். தண்ணீர் சுத்தமில்லை என்று புகார் வருகிறது. புளி கரைக்க ஆளும் கிடைக்கவில்லை. இந்த வருஷம் பாக்கெட் மாம்பழ ஜூஸ் கொடுத்துவிடலாம் என்று விழாக் குழுவில் பேசியிருக்கிறோம். அதுவும் பழச்சாறுதானே?

பதில்: இல்லை. பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். மாம்பழ பானம் என்று விற்க 10 சதவீதம் பழம் இருந்தாலே நம் நாட்டுச் சட்டத்துக்குப் போதும். மீதியில் பெரும்பகுதி தண்ணீரும் சீனியும்தான்.

தண்ணீர்ப் புகார் நியாயமானது. அதற்காகத் தண்ணீரை மாற்றுங்கள், பானகத்தை ஏன் மாற்றுகிறீர்கள்? முதல் நாள் ராத்திரியே காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், இல்லையென்றால் கேன் தண்ணீர். மீனுக்குப் போடும் ஐஸ் கட்டியை அண்டாவுக்குள் போடவே கூடாது. மண்பானை தருகிற குளிர்ச்சி போதும். ஈயம் பூசாத பித்தளை அண்டாவும் வேண்டாம், புளிப்பு பட்டால் களிம்பு இறங்கும். பளிச்சென்று மஞ்சளாக இருக்கும் வெல்லம் பெரும்பாலும் ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுத்தது. கறுத்த வெல்லமாகப் பார்த்து வாங்கிக் கரைத்து வடிகட்டுங்கள்.

எலுமிச்சையைவிடப் புளியே கூட்டத்துக்கு ஏற்றது. பிழிந்து வைத்த எலுமிச்சைச் சாறு நேரம் போகப் போகக் கசக்கும். புளிக்கரைசல் காலையில் கரைத்தது சாயங்காலம் வரை சுவை மாறாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு எலுமிச்சங்காய் அளவு புளி, 100 கிராம் வெல்லம், அரை ஸ்பூன் சுக்குப் பொடி, நாலு ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. அந்த உப்பை மறந்துவிடாதீர்கள். தீச்சட்டி ஏந்தி உச்சி வெயிலில் வெறுங்காலோடு வருகிறவருக்கு வியர்வையில் போவது தண்ணீர் மட்டுமல்ல, உப்பும்தான். புளியில் பொட்டாசியமும் இருக்கிறது. ஆனால் மயங்கி விழுந்தவருக்குப் பானகம் வைத்தியம் ஆகாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

ஆந்திராவில் மங்களகிரி மலைமேல் இருக்கும் நரசிம்மருக்குப் பானகால சுவாமி என்றே பெயர். சங்கில் எடுத்துப் பானகத்தை அவர் வாயில் ஊற்றுகிறார்கள். பாதியை அவர் ஏற்றுக்கொண்டு மீதியைப் பக்தருக்கே திருப்பித் தருகிறார் என்பது அங்குள்ள நம்பிக்கை. நம் ஊரில் அம்மனுக்குக் காட்டிவிட்டு அவ்வளவையும் சனங்களுக்கு ஊற்றுகிறோம். 'பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கினால் பானக்கம் ஊத்துறேன் தாயே' என்று நேர்ந்துகொண்டவள், புளியைத் தன் கையால் கரைத்து, தெருவில் நின்று, முகம் தெரியாதவருக்கெல்லாம் செம்பு செம்பாக ஊற்றினால்தான் அந்த நேர்த்திக்கடன் தீரும். பெட்டி பெட்டியாகப் பாக்கெட்டை இறக்கிவிட்டால் அவள் என்ன செய்வாள்?

ஆள் இல்லை என்கிறீர்கள். நேர்ந்துகொண்ட பெண்களைக் கேட்டீர்களா? குழுவில் அவர்களில் ஒருவராவது இருக்கிறாரா? தெருவுக்கு ஓர் அண்டா என்று பிரித்துக் கொடுங்கள். அண்டாவுக்கு மூடி, மொண்டு ஊற்ற நீளக் கைப்பிடி வைத்த அகப்பை, கழுவி அடுக்கிய டம்ளர்கள், டம்ளர் கழுவ இரண்டு இளவட்டங்கள். இதற்கு ஆகும் செலவு பாக்கெட் செலவைத் தாண்டாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இப்போது எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு பானை நீர்மோரும் வையுங்கள்.