கப்பி மீனோடு ஒரு வாழ்க்கை: மீன் பரிணாம ஆய்வு பற்றிக் கேட்டவையும் சொன்னவையும்

அமெரிக்கப் பரிணாம உயிரியலாளர் டேவிட் ரெஸ்னிக் 1978-ல் ஆய்வு மாணவராக டிரினிடாட் தீவுக்குப் போனார். நம் ஊர்க் கிணறுகளில் கொசுப்புழு தின்ன விடுகிறார்களே, அதே கப்பி மீனைப் படிக்கத்தான் போனார். அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் அந்த மீனை விடவே இல்லை. அவரைப் பற்றி நான் எழுதியதும் கேள்விகள் நிறைய வந்தன. மீன் பரிணாமத்தில் பிஎச்.டி. முடித்து அதே துறையில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

அக்கா, இந்த வேலையில் இருப்பவர்கள் நாள் முழுக்க மீன் பிடிப்பார்களா? (பி.எஸ்சி. விலங்கியல் மாணவி, தென்காசி)

பிடிப்பது ஆண்டில் சில வாரங்கள்தான். மற்ற நாட்களில் தொட்டி கழுவ வேண்டும், தீனி போட வேண்டும், எண்ண வேண்டும், எண்ணியதைக் கணினியில் ஏற்ற வேண்டும். புள்ளியியலோடு மல்லுக்கட்டி, நிதி கேட்டு விண்ணப்பம் எழுதி, அது திரும்பி வந்தால் மறுபடி எழுத வேண்டும். மீன் பிடிக்கிற ஆசை மட்டும் இருந்தால் தூண்டில் வாங்கிக்கொள்வது மலிவு. எண்ணுகிற பொறுமை இருந்தால் இந்தப் பக்கம் வாருங்கள்.

உலகத்தில் எத்தனையோ மீன் இருக்க, ரெஸ்னிக் ஏன் கப்பியைப் பிடித்துக்கொண்டார்? (ஆசிரியர், மதுரை)

அவர் கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டார், மீன் பிறகு வந்தது. நம்மில் பலர் மீனை முதலில் பிடித்துக்கொண்டு கேள்வியைத் தேடி அலைகிறோம்.

அந்தக் கேள்வி இதுதான். ஓர் உயிரினம் எந்த வயதில் பருவமடைய வேண்டும், ஒரு ஈற்றில் எத்தனை குட்டி போட வேண்டும் என்பதை எது தீர்மானிக்கிறது? 1970-ல் மாதவ் காட்கிலும் வில்லியம் பாசர்ட்டும் இதைப் பற்றி ஒரு கணிதக் கட்டுரை எழுதினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை அறிக்கையால் நமக்குத் தெரிந்த அதே காட்கில்தான், அப்போது ஹார்வர்டில் இருந்த இளைஞர். வளர்ந்த உயிர்கள் அதிகம் சாகும் இடத்தில், சீக்கிரம் பருவமடைந்து சீக்கிரம் நிறையப் பெற்றுப்போடும் உயிர்களே நிலைக்கும் என்பது இந்த வகைக் கோட்பாடுகளின் கணிப்பு. நாளைக்கு இருப்போமா என்பதே நிச்சயமில்லை என்றால் இன்றைக்கே பெற்றுவிடுவதுதான் லாபம்.

காகிதத்தில் சரி. காட்டில் எங்கே சோதிப்பது? டிரினிடாட்டின் வடக்கு மலைத்தொடரில் அதற்கென்றே செய்துவைத்த மாதிரி ஓடைகள் இருக்கின்றன. ஒரே ஓடையில் அருவிக்குக் கீழே பைக் சிக்லிட் என்ற மீன் வளர்ந்த கப்பிகளைத் தின்கிறது. பைக் சிக்லிட்டால் அருவி ஏற முடியாது. மேலே இருப்பது ரிவுலஸ் என்ற சிறு மீன், அது தின்றால் குட்டிக் கப்பிகளைத்தான் தின்னும். இந்த அமைப்பு ஒன்றிரண்டில் அல்ல, பல ஆறுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. கணிப்புப்படியே கீழே உள்ள கப்பிகள் சீக்கிரம் பருவமடைகின்றன, மேலே உள்ளவை தாமதமாக. கப்பி சில மாதங்களிலேயே பருவமடைந்துவிடும், குட்டி போடும் இனம், தொட்டியில் எளிதாக வளரும். இதைவிட என்ன வேண்டும்?

கீழே உள்ளது சீக்கிரம் பருவமடைகிறது, மேலே உள்ளது தாமதமாக என்கிறீர்கள். மேலே தீனி குறைவாக இருக்கலாமே! பரிணாமம் என்று எப்படிச் சொல்வது? (பொறியாளர், கோவை)

இந்தத் துறையின் மையமே இந்தச் சந்தேகம்தான். இதற்கு இரண்டு படிகள்.

முதல் படி, ஆய்வகம். இரண்டு இடத்துப் பெண் மீன்களையும் கொண்டுவந்து, ஒரே வெப்பம், ஒரே வெளிச்சம், ஒரே அளவுத் தீனியில் இரண்டு தலைமுறை வளர்க்க வேண்டும். அப்போதுதான் தாய் காட்டில் தின்றதும் பட்டினி கிடந்ததும் கணக்கிலிருந்து கழியும். தீனி என்றால் கைக்கு வந்த அளவு அல்ல. ஈரல் விழுதும் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சும் மைக்ரோலிட்டர் கணக்கில் அளந்து, தனித்தனித் தொட்டியில் இருக்கும் ஒவ்வொரு மீனுக்கும் போட வேண்டும். பேரக்குட்டிகளிடமும் வித்தியாசம் நிற்கிறதென்றால் அது மரபில் இருக்கிறது.

இரண்டாம் படி, ஓடையிலேயே சோதனை. ரெஸ்னிக்குக்கு முன்பே ஜான் எண்ட்லர் அங்கே கப்பியின் நிறங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1976-ல் அவர் அரிப்போ ஆற்றில் பைக் சிக்லிட் உள்ள பகுதியிலிருந்து 200 கப்பிகளை எடுத்து, அருவிக்கு மேலே ரிவுலஸ் மட்டும் இருந்த, கப்பியே இல்லாத ஒரு கிளை ஓடையில் விட்டார். இரண்டே ஆண்டுகளில் ஆண் மீன்களின் புள்ளிகள் பகட்டாகிவிட்டன. ரெஸ்னிக் அதே ஓடையில் பருவ வயதையும் குட்டிகளையும் அளந்தார். 11 ஆண்டுகளில், அதாவது 30 முதல் 60 தலைமுறைகளில், குடியேறிய மீன்களின் சந்ததி தாமதமாக, பெரிய உடம்போடு பருவமடைந்தது. குட்டிகள் எண்ணிக்கையில் குறைந்தன, அளவில் பெருத்தன. ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தபோதும் அப்படியே. இது 1990-ல் நேச்சர் இதழில் வந்தது. முதல் பயணத்துக்கும் அந்தக் கட்டுரைக்கும் நடுவே 12 ஆண்டுகள் என்பதைக் கவனியுங்கள். இடையில் மற்ற கட்டுரைகள் வந்தன, ஆனாலும் இந்த வேலையின் கடிகாரம் அப்படித்தான் ஓடும்.

விரல் நகம் அளவு மீன், ஓடையில் ஆயிரக்கணக்கில். ஒன்றை மறுபடி பார்த்தால் அடையாளம் தெரியுமா? (இல்லத்தரசி, தஞ்சாவூர்)

தெரியும். ஓடைக்குள் நீர் தேங்கும் சிறு குளங்களில் பட்டாம்பூச்சி வலை மாதிரிக் கைவலையால் குளங்குளமாகப் பிடிக்கிறார்கள். எந்தக் குளத்து மீன் என்று பெயரெழுதிய பாட்டிலில் ஆய்வகத்துக்கு வரும். மயக்க மருந்து கலந்த தண்ணீரில் போட்டதும் சில நொடிகளில் அது பக்கவாட்டில் சாயும். மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்து, முடி மாதிரி ஊசியால் தோலுக்கடியில் எலாஸ்டோமர் என்ற ரப்பர் மாதிரி வண்ணப் பொருளால் ஒரு கோடு. எந்த நிறம், உடம்பில் எந்த இடம் என்கிற சேர்க்கைதான் அந்த மீனின் பெயர். புற ஊதா விளக்கில் அது பளிச்சென்று தெரியும். டிஎன்ஏவுக்குச் சில செதில்கள், அளவுகோலோடு ஒரு புகைப்படம், அப்புறம் தெளிந்ததும் பிடித்த அதே குளத்தில் விட வேண்டும். பக்கத்துக் குளத்தில் விட்டால் கணக்கு போச்சு.

2008-லும் 2009-லும் குவானப்போ ஆற்றின் நான்கு கிளை ஓடைகளில் ரெஸ்னிக் குழு புதிதாகக் கப்பிகளைக் குடியேற்றியது. விட்ட மீன்கள் அத்தனைக்கும் அடையாளம் உண்டு. மாதாமாதம் பிடித்து, செதில் டிஎன்ஏவை வைத்து யார் யாருக்குப் பிறந்தது என்று வம்சாவளியே போட்டார்கள். நம் கல்யாணத் தரகர்கள்கூட இவ்வளவு துல்லியமாக வைத்திருக்க மாட்டார்கள்.

கப்பி கடைசியில் கப்பியாகத்தானே இருக்கிறது? இதைப் போய்ப் பரிணாமம் என்கிறீர்களே. (பெயர் சொல்லவில்லை)

புது இனம் தோன்றினால்தான் பரிணாமம் என்பதில்லை. தலைமுறைகளில் மரபுப் பண்பு மாறினாலே அது பரிணாமம். வேகத்தைப் பாருங்கள்: 1997-ல் சயன்ஸ் இதழில் ரெஸ்னிக் குழு போட்ட கணக்கில், இந்தக் கப்பிகள் மாறிய வேகம் புதைபடிவங்களில் அளந்த வேகத்தைப்போல் பத்தாயிரம் முதல் ஒரு கோடி மடங்கு. உடனே துள்ள வேண்டாம். புதைபடிவக் கணக்கு லட்சக்கணக்கான ஆண்டுகளின் சராசரி, நடுவில் முன்னே போனதும் பின்னே வந்ததும் அதில் கழிந்துவிடும். ஆனால் இயற்கைத் தேர்வு மெதுவாகத்தான் வேலை செய்யும், மனித ஆயுளில் பார்க்க முடியாது என்ற பழைய பேச்சு அதோடு முடிந்தது.

புது இனமே வேண்டும் என்றால் ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரிக்குப் போங்கள். சுமார் 15,000 ஆண்டுகளில் ஏறக்குறைய 500 சிக்லிட் இனங்கள் அங்கே.

அவர் நினைத்ததெல்லாம் சரியாகவே வந்ததா? (எம்.எஸ்சி. மாணவர், சென்னை)

இல்லை. அவர் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த பகுதியே அதுதான்.

கீழே பெரிய மீன்கள் சாகின்றன, மேலே குட்டிகள் சாகின்றன, அதனால்தான் வித்தியாசம் என்பது தொடக்க விளக்கம். கேட்கக் கச்சிதமாக இருக்கும். அடையாளமிட்டு விட்டு மறுபடி பிடித்துப் பார்த்தால், கீழே எல்லா அளவு மீன்களுக்குமே சாவு அதிகம், மேலே எல்லா அளவுக்கும் குறைவு. வேட்டை குறைந்த இடத்தில் கப்பிகள் பெருகி நெருக்கியடித்து, தீனி குறைந்து, மெதுவாக வளர்கின்றன. ஆக, மாற்றத்தை உண்டாக்குவதில் சாவோடு நெரிசலுக்கும் பங்கு உண்டு. குவானப்போ ஓடைகளில் இரண்டில் மரக்கிளைகளைக் கழித்து வெளிச்சம் விட்டது இதற்காகத்தான். வெளிச்சம் கூடினால் பாசி கூடும், பாசி கூடினால் தீனி கூடும்.

இன்னொன்று முதுமை. ஆபத்தான இடத்தில் வாழும் இனம் சீக்கிரம் மூப்படையும் என்பது பாடப்புத்தகக் கோட்பாடு. 2004-ல் வந்த முடிவு தலைகீழ்: ஆபத்தான ஓடைக் கப்பிகள், ஆய்வகத்தில் பாதுகாப்பாக வளர்த்தபோது, அதிக நாள் வாழ்ந்தன, அதிக நாள் குட்டியும் போட்டன. ஆனால் திடீரென்று பாய்ந்து தப்பிக்கும் திறன் மட்டும் வயதோடு அவற்றுக்குத்தான் வேகமாகக் குறைந்தது. முதுமை என்பது உடம்பு முழுக்க ஒரே சமயத்தில் வருவதில்லை போல.

அப்புறம் கப்பியின் உறவுக்காரப் பேரினமான பொயிசிலியாப்சிஸில் நஞ்சுக்கொடி மூன்று முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்று 2002-ல் காட்டினார். அதில் ஒன்றுக்கு எடுத்த காலம் ஏழரை லட்சம் ஆண்டுகளோ அதற்கும் குறைவோ. மீனுக்கு நஞ்சுக்கொடியா என்று கேட்பீர்கள். உண்டு.

ஓடையில் மீனை விடுவது தப்பில்லையா? (இயற்கை ஆர்வலர், நாகர்கோவில்)

நியாயமான கேள்வி. 1957-ல் கேரில் ஹாஸ்கின்ஸ் என்பவர் டிரினிடாட்டின் கரோனி ஆற்றுப் படுகைக் கப்பிகளை ஒரோப்பூச் படுகையின் துரூரே ஆற்றுத் தலைப்பில் விட்டார். அவை பரிணாமம் அடைந்தது உண்மை, அறிவியலுக்கு லாபம்தான். ஆனால் அங்கேயே நிற்கவில்லை. அருவி தாண்டிக் கீழே இறங்கி அந்தப் படுகையின் சொந்தக் கப்பிகளோடு கலந்துவிட்டன. திரும்ப எடுக்க முடியாது. கப்பியின் சொந்த நாட்டிலேயே இந்தக் கதி. நம் ஊரில் அது வந்தேறி. மூடிய கிணறும் தொட்டியும் வேறு. ஆற்றிலும் சுனையிலும் விடுவதை நான் எதிர்க்கிறேன். கொசுப்புழு தின்ன விடும் இன்னொரு மீனான கம்பூசியாவுக்கும் இதே பதில்.

இந்த வேலைக்கு நான் என்ன படிக்க வேண்டும்? பி.எஃப்.எஸ்சி. சரியா? (பிளஸ் டூ மாணவன், ராமநாதபுரம்)

தம்பி, பி.எஃப்.எஸ்சி. நல்ல படிப்பு, வேலையும் கிடைக்கும், ஆனால் அது பெரும்பாலும் மீன் வளர்ப்பும் மீன்வளமும். பரிணாமம் என்றால் விலங்கியல் எடுங்கள், அல்லது ஐசர் என்ற மத்திய அறிவியல் கல்வி நிறுவனங்களுக்குப் போங்கள். கணக்கை விட்டுவிடாதீர்கள், ஆர் மொழியில் நிரல் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். பிஎச்.டி.க்கு ஜிகிபில்ஸ் என்ற உயிரியல் நுழைவுத் தேர்வு அல்லது சிஎஸ்ஐஆர் நெட். பெங்களூரு ஐஐஎஸ்சியின் சூழலியல் மையம், அதே ஊரின் உயிரியல் ஆய்வு மையமான என்சிபிஎஸ் போன்ற இடங்களைப் பாருங்கள். கைடைத் தேர்ந்தெடுக்கும் முன் அவருடைய பழைய மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள், இதைத் தவறாமல் செய்யுங்கள்.

சம்பளம்? (அதே மாணவனின் அப்பா)

பிஎச்.டி. தொடக்கத்தில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. நிரந்தர வேலைக்கு முப்பது வயது தாண்டிவிடும், வெளிநாட்டில் சில ஆண்டு போஸ்ட்டாக் என்ற தற்காலிக ஆய்வு வேலையும் இருக்கும். வீட்டுக் கடன் இருந்தால் இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள் ஐயா.

ஏன் எப்போதும் டிரினிடாட்? நம் ஆறுகளில் ஒன்றும் இல்லையா? (தமிழாசிரியை, திருநெல்வேலி)

உங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1954-ல் மீனியலாளர் சைலஸ் விவரித்த மீன் ஒன்றுக்குத் தாமிரபரணியின் பெயரே உண்டு: டாகின்சியா தாம்ப்ரபரணியி. இலங்கையின் ரோஹன் பெத்தியாகொட குழு 2012-ல் இந்தக் கெண்டை வகைகளைத் தனிப் பேரினமாக்கி, பரிணாம உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் பெயரை வைத்தது. ஆண்களின் முதுகுத்துடுப்பில் நீளமான இழைகள் உண்டு. எதற்கு? பெண் அதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறதா? அணைக்கு மேலும் கீழும் ஒரே மாதிரி இருக்கிறதா? ஒரு பிஎச்.டி.க்குத் தாராளமாகப் போதும்.

வீட்டுத் தொட்டியில் நானே ஏதாவது செய்து பார்க்க முடியுமா? (ஒன்பதாம் வகுப்பு மாணவி, ஈரோடு)

செய்யலாம்மா. பரிணாமத்தைப் பார்க்க முடியாது, ஆனால் தீனிக்கு ஏற்ப ஒரு தாய் எப்படி மாறுகிறாள் என்பதைப் பார்க்கலாம். ஒரே ஈற்றில் பிறந்த பெண் குட்டிகளைச் சிறிதாக இருக்கும்போதே பிரித்துவிடு. ஆண் குட்டிக்கு அடித்துடுப்பு குச்சி மாதிரி நீளத் தொடங்கும், அதற்கு முன்பே பிரிக்க வேண்டும், ஏனென்றால் பெண் கப்பி விந்தை மாதக்கணக்கில் சேமித்து வைக்கும். இரண்டு தொட்டி, ஒன்றுக்கு அளந்த தீனி, இன்னொன்றுக்கு அதில் பாதி. பிறகு ஒரே ஆண் மீனை மாற்றி மாற்றி விடு. குட்டிகள் எத்தனை, எவ்வளவு நீளம் என்று நோட்டில் எழுது. தொட்டியில் பாசிக் கொத்து நிறையப் போட்டுவை, குட்டிகளைப் பிறந்த அன்றே எண்ணிவிடு. மறுநாள் காலை எண்ணினால் தாய் தின்றது போக மிச்சம்தான் கணக்கில் வரும்.