கிரைண்டருக்கு ஒரு வீடியோ: மூன்று கொட்டேஷனில் எதை எடுப்பது?

கோவை வாசகர் ஒருவரின் கேள்வி: "அப்பா காலத்திலிருந்து வெட் கிரைண்டர் செய்கிறோம். டீலர்கள் மூலம்தான் இதுவரை விற்பனை. இனி ஆன்லைனிலும் விற்கலாம் என்று, ஒரு வீடியோ எடுக்க மூன்று கம்பெனிகளிடம் விலை கேட்டேன். ஒருவர் 40,000 ரூபாய், இன்னொருவர் 1,30,000, மூன்றாமவர் 3,25,000 என்கிறார். மூவரும் காட்டிய வீடியோக்கள் நன்றாகத்தான் இருந்தன. எதை வைத்து முடிவு செய்வது?"

'ஒரு வீடியோ வேண்டும்' என்று கேட்பது, 'ஒரு வீடு கட்ட எவ்வளவு ஆகும்' என்று மேஸ்திரியிடம் கேட்பது மாதிரிதான். ஒருவர் ஒரு கேமரா, ஒரு நாள் என்று கணக்குப் போட்டிருப்பார். இன்னொருவர் ஸ்கிரிப்ட், நடிகை, லைட், மேக்கப், டப்பிங் எல்லாம் சேர்த்திருப்பார். அதனால் விலையை இப்போதைக்கு மறந்துவிட்டு, ஒரு பக்கம் எழுதுங்கள். யார் பார்க்கப் போகிறார்கள், எங்கே பார்ப்பார்கள், எத்தனை நிமிடம், தமிழ் மட்டுமா அல்லது இந்தி, மலையாளமும் வேண்டுமா? ரீல்ஸுக்கு நெட்டுவாக்கில் வேண்டுமென்றால் அதையும் இப்போதே எழுதுங்கள். படுக்கைவாக்கில் எடுத்ததைப் பிறகு வெட்டினால் கிரைண்டர் பாதி, அதை இயக்கும் கை பாதி என்று நிற்கும்.

அந்தப் பக்கத்தை மூவருக்கும் அனுப்பி, ஐட்டம் ஐட்டமாகப் பிரித்து விலை கேளுங்கள். ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா என்றும் கேளுங்கள். 18 சதவீதம் சேர்ந்தால் 1,30,000 என்பது 1,53,400 ஆகிவிடும். இரண்டாம் சுற்றில் வரும் மூன்று தொகைகளும் இவ்வளவு விலகியிருக்காது என்பது என் அனுபவம்.

அடுத்தது ஷோரீல், அதாவது தாங்கள் எடுத்தவற்றில் நல்ல காட்சிகளை மட்டும் தொகுத்துக் கம்பெனிகள் காட்டும் வீடியோ. அது பொங்கலின் மேலே தெரியும் முந்திரி; பொங்கல் எப்படி என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஒரே ஷாட்டை இரண்டு கம்பெனிகளின் ஷோரீலில் பார்த்திருக்கிறேன். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், ஒரே கேமராமேன் இருவருக்கும் வேலை செய்திருப்பார். ஆகவே ஒரு பொருளுக்காக அவர்கள் எடுத்த முழு வீடியோவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். போனில் பலர் அப்படித்தான் பார்க்கிறார்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். 'இதை எடுத்தவர்களேதான் எங்கள் பட்டறைக்கும் வருவார்களா?' என்ற கேள்வியையும் விடாதீர்கள். சொந்தக் கேமரா இருக்கிறதா என்பதெல்லாம் பெரிய விஷயமில்லை. சினிமாக்காரர்களே வடபழனியிலும் சாலிகிராமத்திலும் வாடகைக்குத்தான் எடுக்கிறார்கள்.

நான் பெரிதும் கவனிப்பது, அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்பதைத்தான். உங்கள் பொருளில் சிக்கல்கள் உண்டு. எவர்சில்வர் டிரம் கண்ணாடி மாதிரி; கேமராமேனும் டியூப்லைட்டும் அதில் அப்படியே தெரிவார்கள். சுற்றிலும் கறுப்புத் துணி கட்டி, வெளிச்சத்தை வெள்ளைத் துணி வழியாக வடிகட்டித்தான் எடுக்க வேண்டும். கல்யாண வீடியோவில் கைதேர்ந்தவருக்கு இது புதிதாக இருக்கலாம். மாவு வழிவதை ஸ்லோமோஷனில் காட்ட ஆசைப்படுவீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண டியூப்லைட், எல்இடி வெளிச்சம் நொடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு ஸ்லோமோஷனில் மினுக்கு மினுக்கென்று தெரிந்துவிடும். துடிக்காத லைட்டை அவர்களே கொண்டுவர வேண்டும். பட்டறையில் கல் கொத்தும் சத்தத்துக்கு நடுவே உங்களைப் பேச வைத்தால், காலரில் மைக் குத்தினாலும் காப்பாற்ற முடியாது.

இதெல்லாம் தெரிந்தவர் ஒரு முறை நேரில் வந்து இடத்தைப் பார்ப்பார். 'உளுந்து எத்தனை கிலோ ஊறவைப்பீர்கள்? இப்போது போட்டது, பாதி அரைந்தது, பொங்கி வந்த மாவு மூன்றும் தனித்தனியாகத் தயாராக இருக்க வேண்டும்' என்பார். அப்படிக் கேட்கிறவரிடம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். அவர் கேட்காவிட்டால், ஷூட்டிங் அன்று உளுந்து அரைந்து முடியும்வரை யூனிட் மொத்தமும் டீ குடித்துக்கொண்டிருக்கும், வாடகை உங்கள் கணக்கில்.

இனி எழுத்தில் வர வேண்டியவை. எனக்குத் தெரிந்த ஒரு பாத்திரக்கடைக்காரர் நல்ல செலவில் படம் எடுத்தார். இரண்டு வருடம் கழித்துக் கடையின் போன் நம்பர் மாறியது. கடைசிக் காட்சியில் நம்பரை மாற்றித் தரச் சொன்னால், 'ஃபைலெல்லாம் அழித்துவிட்டோம் சார்' என்றது கம்பெனி. வீடியோ முழுக்கப் பழைய நம்பர், பின்னணியில் கலந்துபோன மியூசிக், பிரித்தெடுக்க வழியில்லை. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. ஆனால் ஃபுட்டேஜையும் (வெட்டி ஒட்டாத முழுப் பதிவு) எடிட் ஃபைலையும் கையில் தருவது தனி விஷயம். அதை ஒப்பந்தத்தில் எழுதினால்தான் உறுதி. கொட்டேஷனின் அடியில் பொடி எழுத்தில் 'உரிமை எங்களுக்கே' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சினிமாப் பாட்டு வேண்டாம். உரிமை வாங்காமல் போட்டால் யூடியூபே பிடித்துவிடும். பயன்படுத்தும் இசையின் லைசென்ஸ் உங்கள் பெயரில் இருக்கட்டும். நடிகை இருந்தால், அவர் முகத்தை எத்தனை வருடம், எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதை எழுதி வாங்குங்கள். எத்தனை முறை கரெக்‌ஷன் இலவசம் என்பதையும். பணத்தில் பாதியை அட்வான்ஸாகக் கொடுக்கலாம். கடைசித் தவணை, ஃபைல்கள் கைக்கு வந்த பிறகுதான்.

ஷூட்டிங்குக்கு முன் நீங்களே ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே படம் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 45 ஜிபி பிடிக்கும். இரண்டு கேமராவில் மும்மூன்று மணி நேரம் என்றால் 270 ஜிபி. 1 டிபி தாராளம். இரண்டாக வாங்குங்கள், ஒன்று ஆபீஸில், ஒன்று வீட்டில்.