எலி லேபுக்கு வரும் தம்பிக்கு

"வூர்ட்ஸ்பர்க்கில் முனைவர் பட்ட இடம் கிடைத்திருக்கிறது. எலிகளின் டி-செல் ரிசெப்டர் மரபணுக்கள்தான் தலைப்பு. எம்.எஸ்சி.யில் படித்தது பாடப்புத்தக அளவுதான், விலங்கைத் தொட்டதே இல்லை. சமாளிக்க முடியுமா, கிளம்பும் முன் எதைப் படித்து வைப்பது?" என்று கேட்டிருந்தீர்கள்.

முடியும் தம்பி. குளிரும் ஜெர்மன் மொழியும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிடும். ஞாயிறன்று கடைகள் பூட்டியிருக்கும், சனிக்கிழமையே அரிசியும் பாலும் வாங்கி வைத்துவிடுங்கள். நாளாவது லேப் மீட்டிங்கில் வாய் திறப்பதற்குத்தான். பேராசிரியர் பேசும்போது குறுக்கே கேட்காமல் இருப்பது நமக்கு மரியாதை. இங்கே பேசாமல் உட்கார்ந்திருந்தால் எல்லாம் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். கேள்வி கேட்கும் தைரியம் விஷயம் கையில் இருந்தால்தான் வரும். அதனால் மீதிப் பதிலில் பெரும்பகுதி மரபணுவைப் பற்றியே.

டி-செல் என்ற நோயெதிர்ப்பு செல் அந்நியப் பொருளை அடையாளம் காணும் புரதம்தான் ரிசெப்டர். பெரும்பாலான டி-செல்களில் அது ஆல்பா, பீட்டா என்ற இரண்டு சங்கிலிகளால் ஆனது, சிலவற்றில் காமா, டெல்டா. ஒரு பெரிய தாளில் பீட்டா சங்கிலியின் மரபணுப் பகுதியை உங்கள் கையால் வரையுங்கள். சுண்டெலியில் அது 6ஆம் குரோமோசோமில் இருக்கிறது, நீங்கள் வேலை செய்யப்போகும் பெரிய எலியில் 4ஆம் குரோமோசோமில். மரபணு இங்கே துண்டு துண்டாகக் கிடக்கும், டி-செல் வளரும்போது சிலவற்றை வெட்டிச் சேர்த்துக்கொள்ளும். வி, டைவர்சிட்டி, ஜே, சி என்பவை அந்தத் துண்டு வகைகளின் பெயர்கள். இடப்பக்கம் வி துண்டுகள் நீளமாக வரிசை கட்டியிருக்கும். அதற்கு வலப்பக்கம் ஒரு டைவர்சிட்டி துண்டு, ஒரு ஜே கூட்டம், ஒரு சி. உடனே அதே அமைப்பு இன்னொரு முறை வரும். சுண்டெலியில் ஒவ்வொரு ஜே கூட்டத்திலும் வேலை செய்கிற துண்டுகள் ஆறு. எல்லாவற்றையும் தாண்டி, இரண்டாவது சி-க்கும் அப்பால், ஒரே ஒரு வி திசை திரும்பி நிற்கும். மற்ற வி-க்கள் சேரும்போது இடையில் உள்ள டி.என்.ஏ. வெட்டுப்பட்டு வெளியேறும். இந்த ஒன்று சேரும்போது இடைப்பகுதி வெளியேறாமல் புரண்டு திரும்பிக்கொள்ளும். வரைந்து பார்க்காமல் இது மனதில் நிற்காது.

அடுத்த தாளில் ஆல்பா. இதில் டைவர்சிட்டி துண்டு கிடையாது, ஆனால் ஜே துண்டுகள் சுண்டெலியில் அறுபது வரை இருக்கின்றன. வி-க்களுக்கும் இந்த ஜே-க்களுக்கும் நடுவே டெல்டா சங்கிலியின் டைவர்சிட்டி, ஜே, சி துண்டுகள் அடங்கியிருக்கின்றன. ஆகவே ஒரு செல் ஆல்பாவின் வி-யை ஜே-யோடு சேர்த்த உடனே, அந்தக் குரோமோசோமில் டெல்டா வெட்டுப்பட்டுப் போய்விடுகிறது. இதைப் புரிந்துகொண்ட நாளில் இந்தத் துறை மேல் எனக்கு வந்த ஆசை இன்னும் போகவில்லை.

டி-செல்கள் வளரும் உறுப்பான தைமஸில் வரிசையும் முக்கியம். ராக்1, ராக்2 என்ற இரண்டு புரதங்கள்தான் வெட்டுகின்றன. பீட்டாவில் முதலில் டைவர்சிட்டியும் ஜே-யும் சேரும், அப்புறம்தான் வி வந்து சேரும். கிடைத்த பீட்டா சங்கிலி சரியாக இருக்கிறதா என்று ப்ரீ-டி-ஆல்பா என்ற துணைச் சங்கிலியோடு சேர்த்துச் சோதித்த பிறகே ஆல்பாவின் வேலை தொடங்கும்.

முதல் வருடத்தில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பீட்டாவின் ஆர்.என்.ஏ. தெரிந்தாலே ரிசெப்டர் இருக்கிறது என்று எழுதிவிடுவார்கள். அப்படி இல்லை. வி சேர்ந்து முழுமையான ஆர்.என்.ஏ. சுமார் 1.3 கிலோபேஸ், அதாவது 1,300 எழுத்து நீளம். வி இன்னும் சேராதபோதே சுமார் 1.0 கிலோபேஸில் ஒரு குட்டை ஆர்.என்.ஏ. வரும், அதிலிருந்து ரிசெப்டர் கிடைக்காது. உங்கள் ப்ரைமர் (தேடும் பகுதியில் ஒட்டி அதைப் பெருக்க உதவும் சிறு டி.என்.ஏ. துண்டு) இரண்டும் சி பகுதியில் இருந்தால் இந்த இரண்டையும் பிரித்தறியவே முடியாது. மீட்டிங்கில் யாராவது ஆர்.என்.ஏ. முடிவு காட்டினால், ப்ரைமர் எங்கே உட்காருகிறது என்று கேளுங்கள். அது நல்ல கேள்வி, மதிப்பார்கள்.

எலியைப் பெரிய சைஸ் சுண்டெலி என்று மட்டும் நினைக்காதீர்கள். எலியில், கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களிலேயே சி.டி.4 என்ற மேற்பரப்புப் புரதம் இருக்கும். சுண்டெலியில் படித்த பழக்கத்தில் சி.டி.4 உள்ளதெல்லாம் டி-செல் என்று எண்ணினால் கணக்கு தவறும். எலியின் ஆல்பா-பீட்டா ரிசெப்டரை அடையாளம் காட்டும் ஆர்73 என்ற ஆன்டிபாடி 1989இல் உங்கள் வூர்ட்ஸ்பர்க்கிலிருந்தே வெளியானது, அந்தக் கட்டுரையை வருவதற்கு முன் படித்துவிடுங்கள்.

விலங்கைத் தொடுவது பற்றிய தயக்கம் எனக்குப் புரிகிறது. இங்கே யாரும் உங்களை முதல் நாளே கூண்டு முன் நிறுத்த முடியாது. பயிற்சி வகுப்பு முடிக்க வேண்டும், அதை ஃபெலாசா கோர்ஸ் என்பார்கள். சோதனைக்கு அரசின் அனுமதியும் வேண்டும். விலங்கு நலனை 2002இல் ஜெர்மன் அரசியல் சாசனத்திலேயே சேர்த்தார்கள். மனம் ஒப்பவில்லை என்றால் மேற்பார்வையாளரிடம் நேராகச் சொல்லுங்கள். செல் வளர்ப்பிலும் சீக்வென்சிங்கிலும் செய்வதற்கு நிறைய இருக்கிறது. நேராகச் சொல்வதை இங்கே யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை.

விசா பயத்தையும் எழுதியிருந்தீர்கள். ஜப்பானிய விஞ்ஞானி சுசுமு டொனேகாவாவுக்கு அமெரிக்க விசா 1970 முடிவில் தீர்ந்தது. வேறு வழி தேடித்தான் சுவிட்சர்லாந்தின் பாசலுக்குப் போனார், நோயெதிர்ப்பியல் அவருக்குப் புதுத் துறை. அங்கே சுண்டெலிக் கருவின் டி.என்.ஏ.வையும் ஆன்டிபாடி சுரக்கும் கட்டியின் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டு, ஆன்டிபாடி மரபணுத் துண்டுகள் இடம் மாறிச் சேர்கின்றன என்று 1976இல் காட்டினார். 1987இல் நோபல் பரிசு தனியாக அவருக்கே கிடைத்தது. நீங்கள் படிக்கப்போகும் எல்லாம் அதிலிருந்து கிளைத்ததுதான். ஆனால் தங்கும் பெர்மிட் புதுப்பிக்க நேரம் பிடிக்கும், தேதி நெருங்கும்வரை காத்திருக்காதீர்கள்.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும்: உங்கள் லேபில் எந்த இன (ஸ்ட்ரெயின்) எலி? இனத்துக்கு இனம் மரபணுவே மாறும். எஸ்.ஜே.எல். சுண்டெலியில் பீட்டாவின் வி-க்களில் ஏறக்குறைய பாதி இல்லை. என்.இசட்.டபிள்யூ. சுண்டெலியில் முதல் சி-யும் அடுத்த ஜே கூட்டமும் போய்விட்டன. லூயிஸ் எலி என்றால் மூளை, தண்டுவட அழற்சி பற்றிய கட்டுரைகளிலிருந்து தொடங்குங்கள், நோயை உண்டாக்கும் செல்களில் விபீட்டா8.2 திரும்பத் திரும்ப வரும். இனத்தின் பெயரை எழுதுங்கள், எதை முதலில் படிப்பது என்று வரிசைப்படுத்தித் தருகிறேன்.