குருவி தலையில் பனங்காயா?

கேள்வி: அணிக் கதைகளில் ஓரமாக வந்துபோகும் துணை சூப்பர்ஹீரோக்களால் தனியாக ஒரு காமிக்ஸ் தொடரைத் தாங்க முடியுமா?

முடியும். இதே கேள்விக்கு ஒரு காலத்தில் "முடியவே முடியாது" என்று அடித்துப் பேசியவன் நான். அதனால் முதலில் நான் தோற்ற கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நண்பர் ஒருவர் ஹாக்ஐ என்ற துணை நாயகனின் காமிக்ஸ் தொகுப்பைக் கையில் திணித்து "படித்துப் பார்" என்றார். மாதக்கணக்கில் அதைத் தொடவே இல்லை. மார்வெல் கம்பெனியின் அவெஞ்சர்ஸ் அணியில் ஒருவர் இடியைக் கையில் பிடிப்பவர், ஒருவர் இரும்புக் கவசத்தில் பறப்பவர், ஒருவர் கோபம் வந்தால் மலையாக வீங்குபவர். அவர்களுக்கு நடுவே வில்லும் அம்புமாக இவர். சின்ன வயசு விளையாட்டில் ஒப்புக்குச் சப்பாணியாக ஒருவனைச் சேர்த்துக்கொள்வோமே, ஹாக்ஐக்கு என் மனதில் அந்த இடம்தான். ஒப்புக்குச் சப்பாணியை நம்பி யாராவது முழு ஆட்டத்தையும் ஒப்படைப்பார்களா?

ஒரு நாள் வேறு எதுவும் கையில் இல்லாமல் அதைப் பிரித்தேன். மாட் ஃப்ராக்‌ஷன் எழுதி டேவிட் ஆஹா வரைந்து 2012இல் தொடங்கிய தொடர் அது. முதல் பக்கங்களிலேயே நாயகன் மாடியிலிருந்து விழுந்து எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். தேறி வீடு திரும்பினால், குடியிருப்பின் உரிமையாளர் வாடகைக்காரர்களை விரட்டப் பார்க்கிறான். இவர் குறுக்கே போய் நிற்கிறார். வண்டியில் அடிபட்ட ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுகிறார். அவ்வளவுதான் முதல் இதழ். விண்வெளிப் படையெடுப்பு இல்லை, உலகம் அழியப்போவதும் இல்லை. அணியோடு இல்லாத நேரத்தில் இந்த ஆள் என்ன செய்துகொண்டிருப்பார் என்பதுதான் தொடரின் மொத்த விஷயமே. ஒரே மூச்சில் படித்து முடித்தேன்.

அந்த நாய்க்கு மட்டும் ஒரு இதழ் உண்டு, 11ஆவது. குடியிருப்பில் ஒரு கொலை நடந்திருக்கிறது, நாய் துப்பறிகிறது. நாம் அதன் கண்ணால், இல்லை, மூக்கால்தான் எல்லாவற்றையும் பார்க்கிறோம். ஒருவர் எதிரே வந்தால், அவர் முகத்தைச் சுற்றிச் சின்னச் சின்னப் படக்குறிகள் கோடுகளால் இணைந்து நிற்கும்: அவர் மேல் என்னென்ன வாசனை, அவர் யாரோடு பழகியவர், எங்கிருந்து வருகிறார். மனிதர்கள் பேசும்போது பேச்சுக்குமிழ் முழுக்கக் கிறுக்கல்தான், நடுவே நாய்க்குத் தெரிந்த ஒன்றிரண்டு சொற்கள் மட்டும் தெளிவாக இருக்கும். அமெரிக்கக் காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னர், 2014இல் சிறந்த தனி இதழுக்காக இதற்குக் கிடைத்தது. துணைக் கதாபாத்திரத்தின் வளர்ப்பு நாயே ஒரு இதழைத் தூக்கி நிறுத்துகிறது! அன்றோடு என் வாதத்தைக் கைவிட்டேன்.

இப்போது யோசித்தால், நான் தப்பாகப் போட்ட கணக்கு எது என்று புரிகிறது. குருவி தலையில் பனங்காய் என்பதுதான் என் பயம். பனங்காயைத்தான் வைக்க வேண்டும் என்று யார் சொன்னது? பேட்மேன் சுமக்கிற அதே பாரத்தை, அதே அளவு வில்லனை, அதே உலகப் பேரழிவை ஒரு துணை நாயகன் தலையில் ஏற்றினால் அவர் நசுங்கத்தான் செய்வார். அப்படி நசுங்கிய தொடர்கள் நிறைய. தாங்கி நின்ற தொடர்களைப் பார்த்தால், பெரும்பாலும் பாரத்தையே மாற்றியிருப்பார்கள்.

இன்னொரு வில்லாளி இருக்கிறார், போட்டிக் கம்பெனியான டிசியின் கிரீன் ஆரோ. 1941இல் அறிமுகமானவர். பல காலம் அடுத்தவர் இதழ்களின் பின்பக்கங்களில் சிறுகதையாகவே ஓடினார். தன் பெயரில் முதல் தொடர் கிடைத்தது 1983இல், அதுவும் வெறும் நான்கு இதழ்கள். அதற்கப்புறம் எழுத்தாளர் மைக் கிரெல் வந்தார். குத்துச்சண்டைக் கையுறை மாட்டிய அம்பு போன்ற வித்தை அம்புகளை எல்லாம் தூக்கி எறிந்தார். நாயகனைச் சியாட்டிலுக்குக் குடியேற்றினார், வயது 43 என்று வெளிப்படையாகவே சொன்னார். 1988இல் தொடங்கிய மாத இதழில் 80 இதழ்கள் அவரே எழுதினார், தொடர் 137 இதழ்கள் வரை போனது. நாற்பதைத் தாண்டிய ஒருவர், ஒரு ஊர், கூட வாழும் பெண், தெருவில் நடக்கும் குற்றங்கள். சூப்பர்மேனை வைத்து இதைச் செய்ய முடியுமா? அவருக்கு வயது ஏறினால் கம்பெனிக்கே வயிற்றைக் கலக்கும்.

துணைக் கதாபாத்திரங்களுக்குப் பெரிய நாயகர்களிடம் இல்லாத ஒரு சொத்து உண்டு என்பேன்: அவர்களை யாரும் காவல் காப்பதில்லை. பேட்மேனின் முகமூடி பையிலும் சட்டையிலும் படத்திலும் விற்கிறது. அவருக்குக் கல்யாணம் செய்து வைப்பதென்றாலும் நாலு பேர் கூடிப் பேச வேண்டும். மறந்துபோன ஒருவரை எடுத்தால் எழுத்தாளர் கை சும்மா விளையாடும்.

இதற்கு என் செல்ல உதாரணம் அனிமல் மேன். 1965இல் வந்து, பெரும்பாலானோர் மறந்தே போன ஆள். பக்கத்தில் இருக்கும் மிருகங்களின் திறனைக் கடன் வாங்குவார், அதுதான் சக்தி. 1988இல் எழுத்தாளர் கிராண்ட் மாரிசனிடம் இவரை வைத்து நான்கு இதழ்கள்தான் கேட்டார்கள். அது மாதத் தொடராக நீண்டு, மாரிசன் மட்டும் 26 இதழ்கள் எழுதினார். நாயகனுக்கு மனைவி, இரண்டு குழந்தைகள். வீட்டுச் செலவுக்கு ஸ்டன்ட் வேலை.

அதில் 5ஆவது இதழைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பாலைவனத்தில் ஒரு கார்ட்டூன் கொயோட்டி, ஓநாய் இனத்து விலங்கு. எத்தனை முறை செத்தாலும் உடம்பு தானே ஒட்டிக்கொண்டு எழுந்துவிடும். நாம் சிரித்துப் பார்க்கும் கார்ட்டூன் அடிதடியை, வலியோடு காட்டினால் எப்படி இருக்கும் என்று யோசித்திருக்கிறார்கள். தன் கதையை ஒரு சுருளில் எழுதி வைத்திருக்கும் அது, கடைசியில் அதை நம் நாயகனிடம் நீட்டுகிறது. அவருக்கு அந்த எழுத்து புரியவில்லை. படிக்கத் தெரியவில்லை என்று மட்டும் சொல்கிறார். ஓநாய் நாற்சந்தியில் சுடப்பட்டுச் சாகிறது. பார்வை மேலே மேலே போக, ஒரு பெரிய தூரிகை வந்து அதன் ரத்தத்துக்குச் சிவப்புத் தீட்டுகிறது. தொடரின் நாயகன் இந்த இதழில் செய்தது அநேகமாக ஒன்றுமே இல்லை. தன் பெயர் அட்டையில் இருக்கும்போதே ஓரமாக நிற்க இவருக்குத் தெரிகிறது. எப்போதும் நடுவில் நின்றே பழகிய பெரிய நாயகர்களுக்கு அது அவ்வளவு எளிதில் வராது.

விஷன் தொடரும் இந்த வழியில் வந்ததுதான். 1968 முதல் அவெஞ்சர்ஸில் நின்று சண்டை போட்ட இயந்திர மனிதர், 2015இல் டாம் கிங் எழுத்திலும் கேப்ரியல் ஹெர்னாண்டஸ் வால்டா ஓவியத்திலும் மனைவி, மகன், மகளோடு வாஷிங்டன் பக்கத்தில் ஒரு புறநகர் வீட்டுக்குக் குடிவருகிறார். பக்கத்து வீட்டுத் தம்பதி பிஸ்கட் தட்டோடு வரவேற்க வருகிறார்கள். வாங்குகிறவர்கள் சாப்பிட முடியாதவர்கள். அந்தச் சங்கடத்திலேயே கதை பிடித்துக்கொள்கிறது. அதே இதழின் முடிவில் மனைவி ஒருவனைக் கொன்றுவிடுகிறாள். மொத்தம் 12 இதழ்கள், 2017இல் சிறந்த குறுந்தொடருக்கான ஐஸ்னர்.

நைட்விங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்த கதை. 1940இல் பேட்மேனின் துணையாள் ராபினாக வந்த பையன், 1984இல் நைட்விங் என்று பெயர் மாற்றி, 1996இல்தான் தனி மாத இதழ் பெற்றான். அதற்கு அவன் பேட்மேனின் ஊரை விட்டே போக வேண்டியிருந்தது. ஒரே கூரைக்குக் கீழ் இருந்திருந்தால் 153 இதழ்கள் ஓடியிருக்காது என்பது என் எண்ணம்.

சரி, இவ்வளவு நன்றாக இருந்தும் இந்த மாதிரித் தொடர்கள் ஏன் சீக்கிரம் நின்றுபோகின்றன? பழி பாதி வியாபார முறை மேல். அமெரிக்காவில் காமிக்ஸ் கடைக்காரர்கள் இதழ் வருவதற்கு மாதங்களுக்கு முன்பே ஆர்டர் கொடுக்க வேண்டும். விற்காத பிரதிகளைப் பெரும்பாலும் திருப்பித் தர முடியாது. நஷ்டம் அவர்கள் தலையில். பேட்மேன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்கள், தெரியாத பெயர் என்றால் இரண்டு மூன்று பிரதி. அது நல்ல தொடர் என்று பேச்சு பரவுவதற்குள் அடுத்த சில மாதங்களுக்கான ஆர்டர் போய்விட்டிருக்கும். அதனால்தான் கம்பெனிகள், புதுத் தொடக்கம் என்று கடைக்காரர்களை இழுக்க, இதழ் எண்ணை மறுபடி 1க்குக் கொண்டுபோய்க்கொண்டே இருக்கின்றன. ஸ்குவிரல் கேர்ள் 2015இல் மட்டும் இரண்டு முறை 1ஆம் இதழ் கண்டாள், இரண்டாவது அட்டையில் அதை அவர்களே கிண்டலும் செய்தார்கள். அணில் வாலோடு வரும் அந்தப் பெண், எதிரியை அடிப்பதைவிடப் பேசிச் சமாளிப்பதையே விரும்புபவள். அந்த இரண்டாவது சுற்று 2019 வரை, 50 இதழ்கள் தாங்கியது.

நீங்கள் மார்வெலின் வுல்வரினையும் பனிஷரையும் எடுத்துக்காட்டலாம், அவர்களும் அடுத்தவர் இதழில் வந்தவர்கள்தானே என்று. உண்மைதான், இருவரும் 1974இல் அப்படி எட்டிப் பார்த்தவர்கள். ஆனால் அவர்களை இந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை. அவர்கள் துணை என்ற நிலையையே விட்டு வெளியேறிப் பெரிய நாயகர்களாகிவிட்டார்கள். வுல்வரினுக்கு இன்று அதே காவல், அதே கட்டுப்பாடு. பலகையில் ஏறி விண்வெளியில் பறக்கும் சில்வர் சர்ஃபர் இன்னொரு மாதிரி. 1968இல் ஸ்டான் லீயும் ஜான் புசேமாவும் அழகாகத் தொடங்கியும் 18 இதழ்களில் நின்றது. இதழுக்கு இதழ் பூமியில் சிறைப்பட்டுப் புலம்புகிற ஒருவருக்கு அன்றாடம் என்று ஒன்று இல்லை, அதுதான் குறை என்று எனக்குப் படுகிறது. படம் மட்டும் இன்றைக்கும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

புதிதாக யாராவது கேட்டால் ஹாக்ஐயைத்தான் கொடுக்கிறேன். நாய் இதழை மட்டும் முதலில் பிரித்துவிடாதீர்கள். செத்தவர் யார் என்று தெரியாமல் படித்தால் அந்த மோப்பம் வெறும் வித்தையாகப் போய்விடும். முதல் பத்து இதழ்களைப் படித்துவிட்டு அங்கே வாருங்கள். நண்பரின் பிரதி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவரும் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.